வெட்டிய பதினொரு விநாடி

ஜூன் 4

குட்டிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறாதே. யாரும் சாகவில்லை. என் போன் விசாரணை அதிகாரியிடம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். கடை போனில் கூப்பிடலாம்தான். ஆனால் பக்கத்து மேஜையில் முதலாளி மிக்ஸியைக் கழற்றுகிற சாக்கில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் உன்னோடு சண்டை போட எனக்கு இஷ்டமில்லை.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, அதிலுள்ள செல்களை வைத்து விளக்கு செய்கிற நம் வீடியோ ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் நீ அந்த ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் எடுத்தது. அதைப் பார்த்து, இங்கே ஐந்து தெரு தள்ளி ஒரு தையல்காரப் பெண் தானும் செய்திருக்கிறாள். சார்ஜ் ஏறும்போது ஒரு செல் வெடித்துத் துணிக் குவியலில் தீ பிடித்துவிட்டது. கையாலேயே அடித்து அணைக்கப் பார்த்திருக்கிறாள். இரண்டு கையும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

அதிகாரி "யாரு சொல்லிக் கொடுத்தது" என்று கேட்டதற்கு அவள் வீடியோவைக் காட்டியிருக்கிறாள். அதில் என் முகம் இல்லை, கை மட்டும்தான். ஆனால் மேஜை மேல் திருகாணி போட்டு வைக்கிற தட்டில் நம் கடைப் பெயர் இருக்கிறதே. நேராக வந்துவிட்டார்.

என் எதிரிலேயே அதை ஓட விட்டார். நாம் சேர்ந்து செய்த நூற்று நாற்பது வீடியோவில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்தது கிடையாது. என் கையை நானே பார்ப்பது எனக்குக் கூச்சம், உனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன். செல்லை ஒவ்வொன்றாக மீட்டரில் வைக்கிறேன். அடுத்த நொடி விளக்கு எரிகிறது. நடுவில் நான் சொன்னது எங்கே?

"ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ காட்டுனா அந்த செல்லுக்கு சார்ஜ் ஏத்தாதீங்க. அது செத்த செல். ஏத்துனா வெடிக்கும். தனியா எடுத்து வச்சு, பழைய பேட்டரி வாங்குற இடத்துல கொடுத்துடுங்க. சார்ஜ் போடுறப்ப பக்கத்துல துணி, காகிதம் வைக்காதீங்க." இதைச் சொன்னேனா இல்லையா? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதே வேகத்தில் மறுபடி சொல்லிப் பார்த்தேன். பதினொரு விநாடி.

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "சொன்னேன் சார்" என்றேன். "எங்கேம்மா சொன்னீங்க" என்றார்.

முதல் வேலையாக அந்த வீடியோவை எடு. முழுசாக இருப்பதைப் போடு. பூசி மெழுகாமல் பதில் எழுது.

அக்கா

ஜூன் 9

அக்கா,

உன் கடிதத்தைப் பிரித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. நிஜமாகத்தான் கேட்கிறேன்.

ஆனால் நீ எழுதியிருப்பதைப் படித்தால் நான்தான் போய்த் தீ வைத்த மாதிரி இருக்கிறது. கோபப்படாமல் யோசித்துப் பார். படம் எடுக்கும்போது நமக்குள் என்ன சட்டம்? ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் ஸ்க்ரூடிரைவரால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவாய். அப்போது சொன்னதை நான் வெட்டிவிட வேண்டும். அது நீயே போட்ட சட்டம். "திரும்பத் திரும்ப நிறுத்தச் சொன்னா எனக்கு வேலை ஓடாது, தட்டுனா புரிஞ்சுக்க" என்று சொன்னது யார், நானா?

அன்றைக்கு அந்த எச்சரிக்கையைச் சொல்லி முடித்ததும் நீ இரண்டு தட்டு தட்டினாய். ஏதோ கணக்கு மாற்றிச் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது என்று வெட்டினேன். மறுபடி சொல்வாய் என்று பார்த்தேன், சொல்லவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வீடியோவை இப்போது எடுக்க முடியாது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று நடத்துகிற போட்டியில் அது கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. மாதக் கடைசியில் முடிவு. முப்பத்திரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எத்தனை பேர் பேட்டரியைக் குப்பையில் போடாமல் இருந்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். என்னை நம்பி இங்கே வீடியோ ஆபீஸில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். நீ சொன்ன எச்சரிக்கையை வீடியோவுக்குக் கீழே முதல் ஆளாகப் பின்னூட்டத்தில் எழுதி ஒட்டி வைத்துவிட்டேன். போதும்தானே?

உன்னை எல்லாரும் "விரல் அக்கா, விரல் அக்கா" என்று கொண்டாடுகிறார்கள். நீதான் பார்ப்பதே இல்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. ராத்திரி தூங்க மாட்டாள்.

குட்டி

ஜூன் 14

குட்டிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மேஜையில் உட்கார்ந்தால் அதே நினைப்புதான். தட்டினேனா? செத்த செல்லைக் கையில் எடுத்ததும் தெரிகிறது, சொன்னதும் தெரிகிறது, அதைத் தட்டில் போட்டதும் தெரிகிறது. போட்டபோது சத்தம் வந்திருக்கும். அது இரண்டு தட்டாக உன் காதில் விழுந்திருக்கலாம். அல்லது நான் நிஜமாகவே தட்டி இருக்கலாம். நாளெல்லாம் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிற கை இது. அதற்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பேன்?

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் யார் என்று சொல்லவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் அவள் என் கட்டை விரல் தழும்பைப் பார்த்தாள். "இந்தக் கை எனக்குத் தெரியும்" என்றாள். கோபமே இல்லை குட்டி. நான்கு நல்ல அடி அடித்திருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. வலது கையில் விரல்கள் மடங்குமா என்று டாக்டரால் இப்போது சொல்ல முடியவில்லை. தையல் மெஷினுக்கு மேலே மாட்ட ஒரு விளக்கு வேண்டும் என்றுதான் செய்தாளாம். தலையணைக்கு அடியில் இருக்கிற நோட்டை எடுக்கச் சொன்னாள். ஆட்களின் இடுப்பளவு, தோளளவு எழுதுகிற நோட்டு. அதில் நடுப்பக்கத்தில் நம் வீடியோவைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். ஏழு வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முடித்ததற்கு ஒரு கோடு.

"எல்லாத்தையும் வரிசையாத்தான் செஞ்சேன் அக்கா. ஒண்ணுகூட விடல. எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. படுத்துக்கிட்டு அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

நோட்டை மறுபடி தலையணைக்கு அடியில் வைத்தேன். நர்ஸ் வந்து நேரமாயிற்று என்று சொன்னாள், தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடி வந்துவிட்டேன்.

நான் தட்டியிருந்தால் தவறு என்னுடையது. நம் வீடியோவைப் போடும் முன் ஒரு தடவை பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன், பார்க்காததும் என் தவறு. சொல்ல வேண்டியதைச் சொன்னேனே என்று இனி யாரிடமும் சண்டை போட மாட்டேன். அந்தப் பெண்ணின் கைக்கு நான்தான் பொறுப்பு. அவளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் எனக்குத் தூக்கம். ஆனால் வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்று கேமராவில் எடுத்தது வெட்டாமல் உன்னிடம் இருக்குமே. அதை அனுப்பு. அதிகாரியிடமும் அவளிடமும் போட்டுக் காட்டி, "எட்டாவதா ஒண்ணு இருந்துச்சு, அது உனக்கு வந்து சேரல, உன் மேல தப்பில்ல" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ தட்டவில்லை.

செத்த செல்லைத் தட்டில் போட்டாய், ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். உன் கடிதம் வந்ததும் எடுத்துப் பார்த்தேன் என்று எழுதலாம், ஆனால் அதுவும் பொய்யாகிவிடும். பார்க்காமலே எனக்குத் தெரியும். போன கடிதத்தில் எழுதும்போதே தெரியும்.

எல்லாம் சேர்ந்து எழுபத்தொரு விநாடி வந்தது. அறுபதைத் தாண்டினால் போட்டியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேட்டரியை நீ பிரிக்கிற இடத்தை வெட்ட முடியாது, அதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். விளக்கு எரிவதை வெட்ட முடியாது. மிச்சம் இருந்தது நீ "செய்யாதீங்க, செய்யாதீங்க" என்று சொல்வது. அந்த வார்த்தை காதில் விழுந்தாலே ஆட்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள் அக்கா. எந்த விநாடியில் எத்தனை பேர் போனார்கள் என்று கம்ப்யூட்டர் எனக்கு முன்னால் கோடு போட்டுக் காட்டுகிறது. டயர் நாற்காலி வீடியோவிலும், துணி அலசின தண்ணீரைச் செடிக்கு விடுகிற வீடியோவிலும் நீ "ஆனா இதைக் கவனிங்க" என்று ஆரம்பிக்கிற இடத்தை எல்லாம் நான் வெட்டித்தான் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால் இதற்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கீழே எழுத்தில் போட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அன்று சாயங்காலம் வேறு வேலை வந்தது, மறந்துவிட்டேன்.

நீ கேட்ட வெட்டாத படம் இனி இல்லை. நேற்று அழித்துவிட்டேன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இது வெளியே தெரிந்தால் என் கதை முடிந்தது. போட்டி மட்டும் இல்லை, இந்த ஒன்பது பேரும் தெருவில் நிற்பார்கள். நீதான் ஏற்கெனவே உன் மேல் போட்டுக்கொண்டாயே. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு என்ன ஆகிவிடும்? உன் முகம்கூட யாருக்கும் தெரியாது. கடையில் உட்கார்ந்து வழக்கம்போல மிக்ஸி ரிப்பேர் பார்க்கப் போகிறாய். எனக்கு அப்படி இல்லை, என் பிழைப்பே என் முகம்தான்.

உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

குட்டி

ஜூன் 23

குட்டிக்கு,

என் முகம் அந்தத் தையல்காரிக்குத் தெரியும்.

உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சால்டரிங் கம்பியை மேஜையிலேயே வைத்துவிட்டேன், மேஜை பொசுங்கிப்போயிற்று. முதலாளி கத்தினார். பத்துப் பன்னிரண்டு நாளாக நான் என் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன். மீட்டர் காட்டுகிற எண்ணை ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை பார்த்தேன். ஒரு அயர்ன் பாக்ஸைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் அந்த வீட்டுக்கே போய்த் திரும்ப வாங்கி வந்து சரிபார்த்தேன். அந்தம்மா என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பாள். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குக் காது குத்தியிருக்கிறாய்.

வெட்டினதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். வேலை அவசரத்தில் மனுஷருக்குப் புத்தி கெட்டுத்தான் போகும். நீ தட்டினாய் என்று என் தலையில் கட்டினாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எடுத்து என் மேலேயே வீசினாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நான் இன்னும் அதிகாரியிடம் போகவில்லை. உன் பொழைப்பில் மண்ணைப் போட எனக்கு ஆசை இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ கிளம்பி வா. இருபத்தேழாம் தேதிக்குள் வா. கேமரா இல்லாமல் வா. அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எட்டாவது வரியை நான்தான் வெட்டினேன், நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்று சொல். அவள் இன்னும் தான் எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டு இருக்கிறாள். நேற்று போனபோது, "ஒருவேளை ஒயரை மாத்திக் கொடுத்துட்டேனோ" என்று கேட்டாள்.

நீ சொல்லும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன். அவள் திட்டினால் இருவரும் சேர்ந்து வாங்கிக்கொள்வோம். அதற்குப் பிறகு அதிகாரி வந்தாலும் யார் வந்தாலும் உனக்காகப் பேசுவேன். இது சத்தியம்.

அக்கா

ஜூன் 28

அக்கா,

வர முடியவில்லை. நேற்றும் இன்றும் போட்டிக்காரர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள், நகர முடியவில்லை. உனக்குப் புரியும்.

ஆனால் நீ கேட்டதைவிடப் பெரிதாக ஒன்று செய்திருக்கிறேன். பழைய வீடியோவை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு மன்னிப்பு வீடியோ போட்டிருக்கிறேன். நேராகக் கேமராவைப் பார்த்து, மேக்கப் இல்லாமல். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. செல்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று இந்தத் தடவை தெளிவாகச் சொல்லிவிட்டேன். ஒரே நாளில் நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் சொல்வதைவிட இத்தனை பேரிடம் சொல்வது நல்லதுதானே? இனி யாரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள்.

உன் பதினாலாம் தேதிக் கடிதத்திலிருந்து சில வரிகள் வாசித்தேன். உன் கையெழுத்தையே காட்டினேன். அத்தனை பேரும் உருகிப்போனார்கள். "இப்படி நேர்மையா ஒத்துக்கிட்ட ஆளை நாங்க பார்த்ததே இல்ல", "விரல் அக்காவுக்கு எங்க ஆதரவு உண்டு" என்று எழுதித் தள்ளுகிறார்கள். உன்னை யாரும் திட்டவில்லை அக்கா. இதைவிட நல்லபடியாக இது முடிந்திருக்காது. போட்டிக்காரர்களே பாராட்டினார்கள்.

ஒருதடவை பார். பார்த்துவிட்டுக் கோபப்படு.

குட்டி

ஜூலை 3

குட்டிக்கு,

பார்த்தேன். அந்தத் தையல்காரிதான் காட்டினாள். அவளால் போனைப் பிடிக்க முடியாது, பக்கத்துக் கட்டில் அம்மா பிடித்துக்கொண்டு காட்டினாள். ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறேன், வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் என் கையைப் பார்க்கிறார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

"நான் தட்டியிருந்தால்" என்று எழுதியிருந்தேன். நீ "தவறு என்னுடையது" என்பதிலிருந்து வாசிக்கிறாய். "அந்தப் பெண்ணின் கைக்கு நான்தான் பொறுப்பு" என்பதை நிறுத்தி நிதானமாக வாசிக்கிறாய். கையெழுத்தைக் காட்டுகிற இடத்தில் மேல்வரியை உன் கட்டை விரலால் மறைத்திருக்கிறாய். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும். யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? மொத்தம் ஐம்பத்தெட்டு விநாடி.

வீடியோ முடிந்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்ல மறந்துட்டீங்களா அக்கா? இத்தனை நாள் வந்து வந்து பார்த்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பரவாயில்ல. மனுஷங்கதானே. நான் மன்னிச்சிட்டேன்."

அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தேன். மறைக்க மாட்டேன், ஒரு நிமிஷம் நினைத்தேன். நீ என் தங்கச்சி. அவளும் நிம்மதியாக இருந்தாள், தவறு தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். பிறகு அவளே கேட்டாள், "எட்டாவதா என்ன சொல்றதா இருந்தீங்க அக்கா?" என்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உன் இருபதாம் தேதிக் கடிதம் என் பையில்தான் இருந்தது. கிழிக்கவில்லை. அவளால் தாளைப் பிடிக்க முடியாது என்பதால் நான் பிடித்துக்கொண்டேன், அவளே படித்தாள். முதல் எழுத்திலிருந்து உன் பெயர் வரை. படித்து முடித்ததும் மறுபடி முதலில் இருந்து படித்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நாளைலேர்ந்து வராதீங்க அக்கா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கிருந்து கடைக்குப் போனேன், உன் கடைசிக் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அலுவலகம். நீ எழுதிய மூன்று கடிதமும் கொடுத்தேன். நான் எழுதியவற்றை எழுதும்போதே கடைப் பில் புத்தகத்தில் கார்பன் வைத்துத்தான் எழுதினேன், எனக்கு எதற்கும் இரண்டு நகல் எடுத்துப் பழக்கம். அந்த மூன்றையும் கொடுத்தேன். வீடியோவைப் பார்க்காமல் விட்டது என் தவறு என்று எழுதியிருப்பதும் அதில் இருக்கிறது, உண்மை தெரிந்தும் அவரிடம் போகாமல் உனக்காகக் காத்திருந்ததும் இருக்கிறது. எனக்கு வர வேண்டியது எனக்கு வரட்டும். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆறையும் படித்தார். என் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் மட்டும்தான் பேசுகிறாள். "கூடப் பொறந்தவளையே காட்டிக் கொடுத்தவ" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். சொல்லட்டும். அவளுக்கு உன் முகம்தான் தெரியும், அந்தப் பெண்ணின் கையை அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் உனக்கு அழைப்பாணை வரும். போன் வந்துவிட்டது, ஆனால் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். எழுதுவதாக இருந்தால் எழுது. இனி வருகிற கடிதம் எதுவானாலும் பிரிக்காமலே தன்னிடம் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார் அதிகாரி, சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை மனசில் வைத்துக்கொண்டு எழுது.

அக்கா